ஆட்டிசப் பிள்ளைகளின் மீள்செயல்களை இனங்காண்போம்

உடலை அசைத்து அமைதி பெறுவது மனித குலத்திற்குப் புதிதன்று. அழுகின்ற குழந்தையைச் சேலையில் கட்டிய ஏணையில் இட்டு ஆட்டுகின்றோம். தேர்வு எழுத அமர்ந்த மாணவன் எழுதுகோலை விரல்களுக்கிடையே உருட்டுகின்றான். மருந்தகத்தில் காத்திருக்கும் பெரியவர் காலை ஆட்டுகின்றார். கச்சேரி கேட்பவர் தம்மை அறியாமலே தொடையில் தாளம் போடுகின்றார். இவற்றை எவரும் நோய் என்று கூறுவதில்லை. ஆனால், வகுப்பறையில் ஒரு பிள்ளை தன் இரு கைகளையும் சிறகைப் போலப் படபடவென்று அடித்துக்கொண்டால் மட்டும் நாம் திடுக்கிடுகின்றோம். "கையை அடக்கு!" என்று அதட்டுகின்றோம். மற்ற மாணவர்கள் சிரிக்கின்றனர். வீட்டிலோ, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்னும் கவலை பெற்றோரை வாட்டுகின்றது.

ஆட்டிசம் உடைய பிள்ளைகளிடம் இத்தகைய மீள்செயல்கள், அதாவது ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்யும் செயல்கள், மிகுதியாகக் காணப்படுகின்றன. இவை யாவும் ஒன்றே என்று எண்ணி ஒரே மருந்தைத் தேடுவதால்தான் பல இன்னல்கள் விளைகின்றன. புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு செயல்களுள் ஒன்று அறவே தீங்கற்றதாக இருக்கலாம்; மற்றொன்று மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டியதாக இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியும் வகையினை, வகுப்பில் அப்பிள்ளைகளுடன் நாள்தோறும் பழகும் ஆசிரியர்களும் வீட்டில் அவர்களை வளர்க்கும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஆட்டிசத்தைத் தமிழ் ஏடுகள் மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றன. மதி ஒன்றும் இறுகிப் போய்விடுவதில்லையாதலால் அச்சொல் நமக்கு அத்துணை உவப்பாக இல்லை. ஆட்டிசம் என்றே இங்கு எழுதுவோம். இது மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்துவிடும் வேறுபாடாகும். தொற்றுவதன்று, தாய் தந்தையரின் வளர்ப்புக் குறையால் வருவதுமன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கேன்னர் என்னும் மருத்துவர், 1943ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனை உலகறியச் செய்தது. அவர்களுள் முதலாவதாகக் குறிக்கப்பெற்ற டொனால்ட் என்னும் சிறுவன், உருண்டையான எந்தப் பொருள் கிடைத்தாலும் அதனைச் சுழலவிட்டு மகிழ்ந்தவன். அச்சிறுவன் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, தம் ஊரார் நடுவே வாழ்ந்து, 2023ஆம் ஆண்டில் 89ஆம் வயதில் காலமானார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றோம். சுழலும் மூடியைக் கண்டு கலங்கும் பெற்றோர்க்கு இச்செய்தி ஓரளவு ஆறுதல் தரக்கூடும்.

மாற்றத்தை விரும்பாமை, குறுகிய ஆர்வம், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல், ஒரே அசைவையோ சொல்லையோ மீண்டும் மீண்டும் நிகழ்த்துதல் ஆகிய நான்கனுள் இரண்டேனும் இருந்தாலன்றி ஆட்டிசம் என்று முடிவு கட்டலாகாது என அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு வரையறுத்துள்ளது. ஆக, மீள்செயல் என்பது ஆட்டிசத்தோடு ஒட்டிப் பிறந்ததே. அதனை ஒழித்துவிட வேண்டும் என்று முனைவதற்கு முன்பு, அஃது என்ன வேலையைச் செய்கின்றது என்று கேட்க வேண்டும்.

இதனை விளக்க, மேசையைத் தட்டும் மூன்று பிள்ளைகளை மனக்கண்முன் நிறுத்துவோம். மூவரும் ஆட்டிசம் உடையவர்களே.

முதற்பிள்ளை, கணக்குப் பாடம் கடினமாகும்போதும், ஓய்வு மணி அடிக்கப் போகும் மகிழ்ச்சியிலும் விரல்களால் மேசையில் ஒரே சீராகத் தட்டுகின்றான். பெயர் சொல்லி அழைத்தால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கின்றான். சற்று நேரத்தில் மறுபடியும் தொடங்குகின்றான். அவன் முகத்தில் வருத்தம் ஏதுமில்லை. இரண்டாம் பிள்ளையின் தோள் திடீரென வெட்டி இழுக்கின்றது. அதனுடன் கையும் மேசையில் மோதுகின்றது. கண நேரத்தில் முடிந்துவிடுகின்றது, தாளமுமில்லை, ஒழுங்குமில்லை. சென்ற மாதம் அவன் தோளை அசைக்கவில்லை, கண்ணை இறுக இறுகச் சிமிட்டிக் கொண்டிருந்தான். மூன்றாம் பிள்ளை, மேசையின் நான்கு மூலைகளையும் வரிசையாகத் தட்டுகின்றாள். ஒரு மூலை தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றாள். இடையில் யாரேனும் தடுத்தால் அழுகின்றாள். சரியாகத் தட்டாவிட்டால் அம்மாவுக்கு ஏதோ கெடுதல் நேரும் என்னும் எண்ணம் அவளை விடாமல் துரத்துகின்றது. தட்டுவதில் அவளுக்கு இன்பம் சிறிதும் இல்லை.

மூன்றும் தட்டுதலே. ஆயினும் மூன்றும் வெவ்வேறு.

முதலாவது, ஆங்கிலத்தில் ஸ்டிம்மிங் என்று வழங்கப்பெறும் தன்னமைதிச் செயலாகும். கையைப் படபடத்தல், உடலை முன்னும் பின்னும் ஆட்டுதல், நுனிக்காலில் துள்ளுதல், ஒரே ஒலியை முனகுதல் போன்றவை இவ்வகையின. இவை பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆண்டுகள் பல கடந்தாலும் தம் வடிவம் மாறாது தொடர்கின்றன. மிகுந்த மகிழ்ச்சி, மிகுந்த கூச்சல், சலிப்பு, களைப்பு ஆகிய வேளைகளில் மிகுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் தவிலும் உறுமியும் முழங்கும்போது ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உடலை ஆட்டுகின்றதென்றால், அளவுக்கு மீறி உள்ளே நுழையும் ஒலியைத் தன்னால் இயன்ற வகையில் அது சமன் செய்து கொள்கின்றது என்று பொருள். ஆட்டிசம் உடைய வயது வந்தோர் 32 பேரிடம் கேட்டறிந்து 2019இல் வெளியிடப்பெற்ற ஓர் ஆய்வில், இச்செயல்கள் தம்மை அமைதிப்படுத்துகின்றன என்றும், இவற்றை ஒழிப்பதற்கென்றே செய்யப்படும் சிகிச்சையைத் தாம் விரும்பவில்லை என்றும் அவர்கள் கூறியுள்ளனர். அனுபவித்தவர் சொல்லுக்கு நாம் மதிப்பளிக்க வேண்டாமா?

இதற்குச் சிகிச்சை தேவையில்லை என்பதே நம் துணிபு. கையை அடக்கி வைப்பதிலேயே பிள்ளையின் கவனம் முழுவதும் செலவாகிவிட்டால், பாடத்திற்கு எஞ்சுவது யாது? உடலுக்குக் காயம் விளையுமானாலோ, கற்றலை முற்றும் தடுக்குமானாலோ மட்டும் தலையிடுதல் தகும். அப்போதும் வெறுமனே தடுத்தல் கூடாது. அதே உணர்வைத் தரக்கூடிய, தீங்கற்ற வேறொன்றை மாற்றாகக் கொடுக்க வேண்டும். சட்டைக் கழுத்தைக் கடித்துக் கிழிக்கும் பிள்ளைக்குக் கடிப்பதற்கென்றே செய்யப்பெற்ற இரப்பர் துண்டு கொடுக்கலாம். சபைகூடலின் ஒலிபெருக்கி ஒலியைத் தாங்காத பிள்ளையை ஒலிபெருக்கியிலிருந்து விலக்கி நிறுத்தலாம். காதுக் கவசம் அணிவிக்கலாம். பெரும்பாலும் சூழலைச் சற்றுத் திருத்தினாலே செயல் தானாகக் குறைந்துவிடும்.

இரண்டாம் பிள்ளைக்கு நேர்வது டிக் என்பது. இதன் கடுமையான வடிவத்தைப் பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட் 1885ஆம் ஆண்டில் விவரித்தார்; அவர் பெயராலேயே அது டூரெட் நோய் எனப்படுகின்றது. டிக் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் தலைகாட்டி, பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்தை அடைந்து, பின்னர்ப் பலரிடம் தணிகின்றது. கண், முகம், கழுத்து, தோள் ஆகிய இடங்களே அதற்கு விருப்பமானவை. கனைத்தல், மூக்கை உறிஞ்சுதல் போன்ற ஒலிகளாகவும் வரும். சில வாரம் மிகும், சில வாரம் மறையும், வடிவம் மாறும். தும்மல் வருமுன் மூக்கில் ஓர் அரிப்புத் தோன்றுமல்லவா? அதுபோல டிக் வருமுன்னும் ஓர் உந்துதல் தோன்றுவதாகச் சற்று வளர்ந்த பிள்ளைகள் கூறுகின்றனர். சிறிது நேரம் அடக்கலாம். ஆனால், அடக்க அடக்க உள்ளே உந்துதல் பெருகும். "பள்ளியில் அடக்கிக்கொள்கின்றவன் வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படிச் செய்கின்றான்? வேண்டுமென்றே செய்கின்றான்!" என்று சில பெற்றோர் சினங்கொள்வதுண்டு. பகல் முழுதும் அடக்கியவன் தனக்குப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிடுகின்றான் என்பதே அதன் விளக்கம்.

மெல்லிய டிக்குக்கு மருத்துவம் வேண்டியதில்லை. கண்டும் காணாதிருப்பதே நன்று, சுட்டிக்காட்டினால் மிகும். வலியோ அவமானமோ தரும் அளவுக்குப் போனால், உந்துதல் எழும் தருணத்தை உணரவும், அந்நேரத்தில் அந்த அசைவோடு ஒவ்வாத மற்றோர் அசைவைச் செய்யவும் பழக்குகின்ற பயிற்சி உண்டு. தோளை வெட்டுபவன் கையை உடலோடு ஒட்டி மெல்ல அழுத்தி நிற்பது போன்றது அது. 126 பிள்ளைகளிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பெற்ற அமெரிக்க ஆய்வில், இப்பயிற்சி பெற்றோருள் 52.5 விழுக்காட்டினர் முன்னேறினர். வெறும் அறிவுரையும் ஆதரவும் பெற்றோருள் 18.5 விழுக்காட்டினரே முன்னேறினர். கடுமையான நிலையில் மருத்துவர் மருந்தும் தருவர்.

மூன்றாம் பிள்ளையைக் குறித்துச் சற்று நின்று பேச வேண்டும். இங்குதான் தவறு மிகுதியாக நேர்கின்றது. அவளுடையது எண்ணச் சுழற்சி நோய்க்கு உரிய கட்டாயச் செயல். வேண்டாத எண்ணம் ஒன்று வந்து அச்சுறுத்துகின்றது, அச்சத்தைப் போக்க ஒரு செயல், செய்து முடித்ததும் சிறிது நிம்மதி, மறுபடியும் எண்ணம். தனக்கு இது வேண்டாம் என்றே அவள் விரும்புகின்றாள், ஆயினும் விட இயலவில்லை. பேசக்கூடிய பிள்ளையிடம், "செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். பேச இயலாத பிள்ளையிடம் முகத்தைத்தான் படிக்க வேண்டும். வண்ணப் பென்சில்களை வரிசையாக அடுக்கும் ஒரு பிள்ளை, அடுக்கிவிட்டு மலர்ந்த முகத்தோடு பார்த்துக் கொண்டிருந்தால் அது விளையாட்டு. அடுக்கியும் அடுக்கியும் முகம் சுருங்கி, வியர்த்து, கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் அஃது அச்சமாக இருக்கலாம்.

இந்த அச்சத்திற்கு ஏற்ற சிகிச்சை, அஞ்சும் நிலையைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, செயலைச் செய்யாமல் தாங்கிக்கொள்ளப் பழகுதலாகும். தேர்ந்த உளவியலாளர், படங்களையும் எளிய சொற்களையும் கொண்டு ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ஏற்ப இதனை அமைத்துத் தருவர். இதே முறையை முதற்பிள்ளையின் தாளத்திற்குப் பயன்படுத்தினால் எப்பயனும் இல்லை. அங்கே போக்குவதற்கு அச்சமே இல்லையே! அதுபோலவே முதற்பிள்ளையைப் போல விட்டுவிடலாம் என்று மூன்றாம் பிள்ளையைப் புறக்கணித்தால், அவள் துன்பம் வளர்ந்து கொண்டே போகும். பிள்ளை அழக்கூடாதென்று வீட்டார் அனைவரும் அவளுடன் சேர்ந்து மூலை மூலையாகத் தட்டிக் கொடுப்பதும் அச்சத்திற்கு உணவிடுவதேயாகும்.

மாற்றத்தை விரும்பாமை வேறொன்று. பள்ளிப் பேருந்து வழக்கமான சாலையை விட்டு வேறு சாலையில் சென்றாலே கதறும் பிள்ளைகள் உளர். நாளை என்ன நடக்கும் என்று அறிய இயலாத உலகில், மாறாத வழக்கமே அவர்களுக்குப் பிடிகொம்பு. இதற்கு வேண்டியது முன்னறிவிப்பு. அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததை அகற்றுவது எளிய வழி. விளையாட்டுப் போட்டிக்காகப் பாட நேரம் மாறுமாயின் அதற்கும் முதல் நாளே ஒரு படம் வைத்துவிட வேண்டும். "பஸ் எப்போது வரும்?" என்று நூறு முறை கேட்கும் பிள்ளைக்கும் நூற்றோராவது முறை வாயால் விடை கூறுவதைவிட, பேருந்தின் படத்தையும் கடிகாரத்தையும் காட்டுவது பயன் தரும். இனி, ரயில் நிலையங்களின் பெயரையோ உலக நாடுகளின் கொடிகளையோ பற்றியே ஓயாது பேசும் பிள்ளைகளைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை. அந்தக் கொடிகளைக் கொண்டே கூட்டலும் கற்பிக்கலாம், கட்டுரையும் எழுத வைக்கலாம்.

தன்னைத் தானே துன்புறுத்திக் கொள்ளுதலே யாவற்றினும் கொடியது. தலையைச் சுவரில் மோதுதல், கையைக் கடித்தல், கன்னத்தில் அறைந்து கொள்ளுதல் ஆகியவற்றைக் காணும் தாயின் உள்ளம் படும் பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது. இதற்குப் பிரம்பும் அதட்டலும் மருந்தாகா. அதே பால்டிமோர் நகரில் பிரையன் இவாட்டா என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் வளர்ச்சிக் குறைபாடு உடைய 9 பேரை ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, இத்துறையின் போக்கையே மாற்றியது. ஒவ்வொருவரையும் தனியே விட்டும், பாடம் செய்யச் சொல்லியும், துன்புறுத்திக் கொள்ளும்போது கவனம் செலுத்தியும், விளையாட விட்டும் அவர்கள் மாறி மாறிப் பார்த்தனர். 9 பேருள் 6 பேரிடம் அச்செயல் ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும் உயர்ந்து நின்றது. ஒருவருக்கு அது பாடத்திலிருந்து தப்பும் வழி. மற்றொருவருக்கு அது பிறர் கவனத்தைப் பெறும் வழி. இன்னொருவருக்கோ, யாருமே இல்லாதபோதும் தொடரும் உடல் உணர்ச்சி.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், தப்புவதற்காகத் தலையை மோதும் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினால், அவன் விரும்பியதையே நாம் பரிசாகக் கொடுத்து விடுகின்றோம் என்பதே. அவனுக்கு "ஓய்வு வேண்டும்" என்னும் அட்டை ஒன்றை நீட்டக் கற்றுக் கொடுத்து, நீட்டியவுடன் ஓய்வும் கொடுத்தால், தலையை மோத வேண்டிய தேவை அவனுக்கு இல்லாது போகும். ஆனால் அதற்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. இதுவரை இல்லாத பழக்கம் திடீரெனத் தோன்றினால், முதலில் பல், காது, வயிறு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். சொத்தைப் பல்லின் வலியையோ மலச்சிக்கலையோ வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை தலையால் சொல்லுகின்றது.

வலிப்பு நோயும் சில வேளைகளில் மீள்செயலைப் போல வேடமிட்டு வரும். ஆட்டிசம் உடையவர்களிடம் அந்நோய் மற்றவர்களைவிட மிகுதி. பிள்ளை சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, இமை துடிக்க அல்லது வாயை மெல்ல, கூப்பிட்டாலும் தோளைத் தொட்டாலும் உணர்வின்றி இருந்து, பின்னர் ஒன்றும் நடவாதது போல் தொடர்ந்தால், மூளை மின்னலைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது கட்டாயம். தொட்டவுடன் நின்றுவிடுவது தன்னமைதிச் செயல். தொட்டாலும் நில்லாதது வலிப்பாக இருக்கக்கூடும். அன்றியும், ஒரு சிறுமி கற்ற கைவேலைகளை மறந்து இரு கைகளையும் ஓயாமல் பிசைந்து கொண்டிருந்தாலும், பதின்ம வயதில் ஒருவன் நடை தளர்ந்து இடையிடையே சிலைபோல் நின்றுவிடத் தொடங்கினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக.

மருந்தைப் பற்றியும் இரண்டொரு சொல். மீள்செயல் அனைத்தையும் ஒரே மாத்திரையால் நிறுத்திவிடலாம் என்னும் ஆசை பலருக்கு உண்டு. எண்ணச் சுழற்சி நோய்க்குத் தரப்படும் மருந்துகளின் இனத்தைச் சேர்ந்த சிட்டலோபிராம் என்பதை, ஆட்டிசம் உடைய 149 பிள்ளைகளிடம் 12 வாரம் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். உண்மை மருந்து உண்டவர்களுள் முன்னேறியோர் 32.9 விழுக்காடு, வெறும் மாத்திரை உண்டவர்களுள் 34.2 விழுக்காடு! துடுக்கும் தூக்கமின்மையும் போன்ற பக்க விளைவுகள்தாம் மருந்து உண்டவர்களிடம் மிகுந்திருந்தன. ரிஸ்பெரிடோன், அரிப்பிபிரசோல் ஆகிய இரண்டிற்கும் அமெரிக்க அரசு முறையே 2006, 2009ஆம் ஆண்டுகளில் அனுமதி அளித்தது உண்மையே. ஆனால், அவ்வனுமதி கடுஞ்சினம், தன்னைத் துன்புறுத்தல் போன்ற கொந்தளிப்புக்கு மட்டுமே. கையைப் படபடப்பதற்கு அன்று. அவை உடல் எடையையும் கூட்டுவன.

ஒரே பிள்ளையிடம் தன்னமைதிச் செயலும் டிக்கும் சேர்ந்திருப்பதும் உண்டாதலின், ஒரு நாள் பார்த்து முடிவு கட்டுதல் இயலாது. ஒரு சிறு பயிற்சி ஏட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் எழுதி வருவதே நாம் பரிந்துரைக்கும் வழி. செயலுக்குச் சற்று முன் என்ன நடந்தது, செயல் எவ்வாறு இருந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அழைத்தபோது நின்றதா, முகம் எவ்வாறு இருந்தது, முடிந்தபின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது ஆகியவற்றை நாள், மணி குறித்து எழுதுக. வீட்டில் தாயார் எழுதுவதும் பள்ளியில் வகுப்பாசிரியர் எழுதுவதும் தனித்தனியாக இருக்கட்டும். இரண்டையும் பின்னர் ஒப்பிடலாம். இயன்றால் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்துக்கொள்க. ஏனெனில், மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் பிள்ளை அச்செயலைச் செய்யாமலே இருந்துவிடுவது வழக்கம். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்கு அந்த ஏட்டையும் படத்தையும் எடுத்துச் சென்று, குழந்தை நல மருத்துவரைக் காண்பதற்குரிய கடிதம் கேட்டுப் பெறலாம்.